வடக்குச் சுவரின் மூச்சு

குளூனகார் மடத்துக் கோயிலின் வடக்குச் சுவர் மூச்சு விடுவதை நிறுத்தியது 1974 அக்டோபர் இருபத்தாறு, சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்கு முன் ஐந்நூறு வருஷம், பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டிய நாளிலிருந்து, ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லும் நேரத்துக்கு ஒரு மூச்சு வீதம் அது விட்டுக்கொண்டிருந்தது. கூரை இடிந்து கிடந்த காலத்திலும் நின்றதில்லை. மழை நாளில் கொஞ்சம் இழுப்பு இருக்கும், அவ்வளவுதான்.

நிறுத்தியவர் கொத்தனார் கோல்மன் ஹெவரின். புதுக் கூரை போட்டாயிற்று, புனிதர் அனைவர் திருநாளுக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார், ஆறு நாள்தான் பாக்கி. மாலக்கி டியர்னி சுட்டுக் கொடுத்த சுண்ணாம்போ அந்தக் குளிரில் இறுகுவேனா என்றது. கோல்மன் கல் இடுக்குகளில் சிமென்ட்டை அடைத்து, மேலே பெயருக்குச் சுண்ணாம்பு தடவினார். ஆயர் சுவரைத் தட்டிப் பாராட்டிவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்குள் சுவர் வியர்த்து வழிந்தது, கல் பொரிந்து உதிர்ந்தது. உப்பு மணலில் சுண்ணாம்பைக் கலந்து ஏமாற்றிவிட்டான் என்று ஊரே மாலக்கியைக் காறித் துப்பியது. கோல்மன் வாய் திறக்கவில்லை. மாலக்கி சூளையை அணைத்துவிட்டு லிவர்பூலுக்குக் கப்பலேறினான்.

அவன் தங்கை பிரீட் அன்றிலிருந்து தினமும் பூசைக்கு முன்னால் சுவரைத் துடைத்தாள். அண்ணன் பாவத்துக்குப் பரிகாரமாம். முப்பத்தொரு வருஷம். கடைசி பெஞ்சிலிருந்து அதைப் பார்க்கப் பார்க்கக் கோல்மனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசி என்ன பயன், நாக்கு எழவில்லையே.

பிறகு சுவரைச் சுரண்டிப் பழுதுபார்க்க ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. அவர்கள் வருவதற்கு முதல் நாள் காலையில் கோல்மன் பிரீட்டிடம் போய் நின்றார்.

“உள்ள இருக்கறது சிமென்ட்டு, பிரீட். நான்தான் வெச்சேன். மாலக்கி மேல ஒரு குத்தமும் இல்ல.”

“ஏய்யா, நாளைக்கு மாட்டிக்குவோம்னுதான இன்னைக்குச் சொல்ற?”

“ஆமா.”

“வருஷா வருஷம் அவனுக்கு, ‘உன்ன மன்னிச்சுட்டேண்ணே’ன்னு கடுதாசி போட்டேன். சாகற வரைக்கும் ‘சரிம்மா’ன்னுதான் பதில் எழுதினான், பாவி.”

மறுநாள் ஆட்கள் வந்தபோது கோல்மன் தானே உளி எடுத்தார். ஏழு வாரம், சிமென்ட்டை இடுக்கு இடுக்காகப் பெயர்த்தார். வேலை முடிந்த அடுத்த ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவில், சுவர் நீளமாக ஒரு மூச்சு விட்டது. வடக்குப் பக்க மெழுகுவர்த்திகள் அணைந்தன. அவற்றைத் தெற்கே மாற்றச் சொல்லிவிட்டுச் சாமியார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பூசை முடிந்ததும் ஊரார் வந்து கோல்மனின் கையைக் குலுக்கினார்கள். பிரீட் வரவில்லை. வராததுதான் நியாயம் என்று அவர் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். சுவர் தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.