இரண்டாம் தாள்

கைக்கடிகாரத்தைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, சின்னவள் காதுத் தோட்டின் திருகில் விரலை வைத்தபோதுதான் அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தேர்வு மையத்து வாசலில் வரிசை மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. உலோகம் எதுவும் உள்ளே கூடாது என்று காவலாளி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அழைத்தது அம்மா. அவன் சுவர் ஓரமாகத் தள்ளிப்போய் எடுத்தான்.

"பெரியவனே, அவ உள்ள போயிட்டாளா?"

"இல்லம்மா, வரிசையில நிக்கிறா. ஏன்?"



"அப்பா போயிட்டாருடா. தண்ணி கேட்டாரு. நான் கொண்டு வர்றதுக்குள்ள..." நிறுத்திவிட்டு உடனே குரலை இறுக்கினாள். "அவகிட்ட சொல்லாத. ரெண்டு பரீட்சையையும் எழுதி முடிச்சிட்டு வரட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்காத."

"அம்மா, அது எப்படிம்மா..."

"நான் சொல்றதச் செய்." இணைப்பு அறுந்தது.

திரும்பினால் சின்னவள் எதிரே நிற்கிறாள். உள்ளங்கையில் இரண்டு தோடுகள்.

"யாரு போன்ல?"

"கம்பெனியில. லோடு எப்ப எடுப்பேன்னு கேக்கறாங்க."

"மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

"வெயிலு."

"காலங்காத்தாலயா?" என்று சிரித்து, தோடுகளையும் தன் போனையும் அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். அவள் தலை மறைகிறவரை அவன் சிரித்த முகத்தை மாற்றவில்லை.

ஒரு அரசு அலுவலகத்தில் பதிவுகளைக் கணினியில் ஏற்றுகிற வேலை அவளுக்கு. சேர்ந்த நாள் முதல் தற்காலிகம். பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்கிற, அவளைவிட வயதில் சிறிய பெண் நிரந்தரம். விடுப்பு, மருத்துவச் செலவு, அதட்டும் உரிமை எல்லாம் அந்த மேசைக்குத்தான். அந்த மேசைக்கு மாற இந்தத் தேர்வு ஒன்றுதான் வழி. அதிலும் வயது வரம்பு இந்த வருடத்தோடு அவளுக்கு முடிகிறது.

காலையில் எழுதும் முதல் தாள், பொது அறிவு, அவளுக்குப் பிரச்சினையே இல்லை. மதியம் வரும் ஆப்டிடியூட் என்கிற மனக்கணக்குத் தாள்தான் ஒவ்வொரு முறையும் காலை வாரிவிடும். கணக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்தில் யாராவது பேனாவை மூடினால் போதும், நேரம் முடிந்துவிட்டதோ என்று கை நடுங்கத் தொடங்கிவிடும்.

"பேர்லயே ஆப்பு வச்சிருக்கான் பாரு. ஆப்டிடியூட்டாம்!" என்பார் அப்பா. துணிக்கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். ஈரல் கெட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு கத்தரி பிடித்த கையில் மகளுடைய பயிற்சிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். கேள்வியை அவர் வாசிக்க, அவள் மனக்கணக்காகப் போட வேண்டும். "ஒரு குழாய் தொட்டிய ரொப்புதாம், இன்னொண்ணு காலி பண்ணுதாம். ஏம்மா, எந்தக் கிறுக்கன் ரெண்டையும் திறந்து விட்டான்? முதல்ல அவனப் பிடிச்சு உதைங்க." அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே விடையையும் சொல்லிவிடுவாள். கை நடுங்காது.

பெரியவன் இதே தேர்வை எழுதி எழுதித் தோற்று, வயது தாண்டி, இப்போது கூரியர் வேன் ஓட்டுகிறான். அவன் எழுதிய காலத்தில் அப்பா ஒரு கேள்வியும் வாசித்ததில்லை. அப்போது அவருக்கு நேரமில்லை. அதில் அவனுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

வாசலுக்கு எதிர்ப்புற நிழலில் உட்கார்ந்தான். பக்கத்தில் ஒருவன் அழுகிற கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி உள்ளே இருந்தாள். பெரியவன் அழலாம் என்று பார்த்தான். வரவில்லை. அப்பா போய்விட்டார் என்பதைவிட, மதிய இடைவேளையில் இவள் வெளியே வருவாளே என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் மடியில் இருந்த அவளுடைய போன் ஒளிர்ந்தது. குடும்பக் குழுவில் சித்தி மகன் அப்பாவின் படத்தைப் போட்டிருந்தான். கீழே கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. பதறிப்போய் போனை அணைத்தான். உடனே அவனுடைய போன் அடித்தது. பெரியப்பா.

"எங்கடா இருக்கே?"

"பாப்பாவ பரீட்சைக்குக் கூட்டிட்டு வந்தேன் பெரியப்பா."

"தெரியும். என்ன ஜென்மங்கடா நீங்க? பெத்தவன் பொணமாக் கிடக்கான், மக பரீட்சை எழுதறாளா? நாளைக்கு அவளே உங்க மூஞ்சியில காறித் துப்புவா. கூட்டிட்டு வா!"

"அம்மாதான்..."

"அவளுக்குப் புத்தி கலங்கிருச்சு. உனக்கு எங்கடா போச்சு?"

அவன் போனை வைத்தான். எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை. காவலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இரண்டு முறை எழுந்து வாசல் வரை போனான். இரண்டு முறையும் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

இடைவேளை மணி அடித்ததும் முதல் ஆட்களில் ஒருத்தியாக வந்தாள்.

"முதல் தாள் சுமாரா ஓடிருச்சுண்ணா. ஆனா அடுத்தத நினைச்சா பயமா இருக்கு. போன் குடு, அப்பாகிட்ட பேசணும்."

"உன்னுதுல சார்ஜ் இல்ல."

"உன்னுத குடு."

வாங்கி அவளே எண்ணை அழுத்திவிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மா எடுக்காமல் இருக்க வேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். எடுத்துவிட்டாள். அம்மாவின் குரல் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிற குரல்; ஸ்பீக்கர் தேவையில்லை.

"சொல்லுடி. சாப்பிட்டியா?"

"இனிமேதான். என்னம்மா ஒரே தண்ணி சத்தம்?"

"குழாயத் திறந்து வச்சிருக்கேன். பாத்திரம் கழுவறேன்."

"அப்பாகிட்ட குடு. ஒரே ஒரு கேள்வி வாசிக்கச் சொல்லு. அவரு குரலக் கேட்டுட்டுப் போனா பயம் போயிடும்."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பெரியவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தூங்கறாருடி," என்றாள் அம்மா. "இப்பதான் கண்ணசந்தாரு. எழுப்பட்டுமா?"

சின்னவள் ஒரு கணம் யோசித்தாள்.

"வேணாம்மா. பாவம், ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தாரு. தூங்கட்டும்."

"சரி. பதறாம எழுது. தெரியலேன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போ. நின்னுடாத."

வாங்கி வைத்திருந்த பொட்டலத்தில் பாதியைக்கூட அவள் சாப்பிடவில்லை. மீண்டும் வரிசை. வாசலை நெருங்கும்போது அவன் வாய் தானாகத் திறந்தது.

"சின்னவளே..."

"என்னண்ணா?"

அவள் முகம் வெளிறிக் கிடந்தது. உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஏதோ சூத்திரம்.

"ஒண்ணுமில்ல. பேனா இன்னொண்ணு வச்சிருக்கியா?"

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒரு களைத்த நிறைவு இருந்தது. பைக்கில் ஏறியதிலிருந்து முதுகுப் பக்கம் பேச்சு ஓயவில்லை. ரயில் கணக்கு வந்ததாம். வயதுக் கணக்கு வந்ததாம். குழாய்க் கணக்கைப் பார்த்ததும் சிரிப்பு வந்து, மேற்பார்வையாளர் முறைத்தாராம். "கை நடுங்கவே இல்லண்ணா. எல்லாத்தையும் முடிச்சிட்டேன். முதல் தடவையா எல்லாத்தையும்."

பாலத்தருகே சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தான். பாலம் போய்விட்டது. மருந்துக்கடையும் போய்விட்டது. தெரு முனைக்கு முன்னால், மூடிக்கிடந்த ஒரு கடையின் ஓரம் வண்டியை நிறுத்தி இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் முகம் தெரியும்.

சொன்னான். இரண்டே வாக்கியம்தான்.

அவள் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"எப்போ?"

"காலையில. நீ வரிசையில நிக்கும்போது."

"மத்தியானம் அம்மாகிட்ட பேசினேனே."

"ஆமா."

"அப்போ எழுப்பட்டுமான்னு கேட்டாளே."

 ஒரு பேருந்து அவர்களை உரசுவதுபோலக் கடந்து போனது.

"நான் தூங்கட்டும்னு சொன்னேன்," என்றாள் சின்னவள்.

தெருவில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பெரியப்பா எழுந்தார். காலையில் அத்தனை கத்தியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். உள்ளே அவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். அழுதாள். அம்மா தலைமாட்டில் இருந்தாள். இருவருக்கும் நடுவே அப்பா கிடந்தார். அவரைத் தூக்கும்வரை அம்மாவை அவள் ஒரு முறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதை அந்த அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். அம்மாவும்தான்.

பொழுது சாயும் முன் சுடுகாட்டுக்குக் கிளம்பினார்கள். போனவர்கள் திரும்பினார்கள், வந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். பெரியவன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே வந்தான். அப்பாவின் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டான்.

அம்மா கட்டிலைக் காலி செய்துகொண்டிருந்தாள். தலையணை ஏற்கெனவே தரையில். பெரிய போர்வையைத் தனியாக மடிக்கப் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த சின்னவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தப் பக்கம் பிடிடி," என்றாள் அம்மா. நாள் முழுவதும் பேசிய குரல் இப்போது பாதியாகக் கிழிந்திருந்தது.

சின்னவள் எழவில்லை. அம்மா போர்வையை மறுபடி உதறினாள். மறுபடி நழுவியது.

பிறகு சின்னவள் எழுந்து இரண்டு முனைகளைப் பிடித்தாள். இருவரும் பின்னால் நகர்ந்து போர்வையை விறைப்பாக இழுத்தார்கள். ஒரு மடிப்பு. நீளவாக்கில் இன்னொன்று. அம்மா அங்கேயே நிற்க, சின்னவள் தன் முனைகளை எடுத்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தாள். கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். சின்னவளின் கை அந்தத் துணியை விடவில்லை.

பெரியவன் சத்தம் செய்யாமல் வெளியே போய், அடுக்கிய நாற்காலிகளில் ஒன்றைத் திரும்ப எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.