ஒன்றும் செய்யாத தட்டு

அம்மா போய்விட்டாள் என்று அக்கா போனில் சொன்னபோது என் கையில் ஒன்றும் செய்யாத தட்டு இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் அதற்கு அதுதான் பெயர். எல்லாத் தட்டுகளிலும் செல்களைப் பட்டினி போடுவோம். பிறகு மற்றவற்றுக்குச் சீரம், அதாவது ரத்தத்திலிருந்து எடுத்த ஊட்டத் திரவம், ஊற்றுவோம். இதற்கு மட்டும் எதுவும் கிடையாது.

பட்டினி கிடக்கும் செல்லில் டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்கிற புரதத்தின் மேல் இறுகச் சுற்றிக் கிடக்கும். சீரம் பட்டதும் அந்தப் புரதத்தில் பாஸ்பேட் வந்து ஒட்டும், சுற்று நெகிழும், சும்மா கிடந்த மரபணு சில நிமிடங்களில் வேலையை ஆரம்பித்துவிடும். ஒட்டிய பாஸ்பேட்டை, செல்களைச் சோதித்து எடுக்கும் படத்தில் கறுப்புக் கோடாகப் பார்க்கலாம். எல்லாம் சீரத்தால்தான் என்று நிரூபிக்க, ஒன்றும் செய்யாத தட்டுக்கு நேரே அந்தப் படம் வெளுப்பாக இருந்தாக வேண்டும்.

"சரிக்கா" என்றேன். தட்டுகளை முடித்து, எடுத்த செல்களை உறையவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

"வேலைய முடிச்சிட்டுதான வந்திருக்க? கல்லு மனசுடி உனக்கு" என்றாள் அக்கா, சாவு வீட்டில் எல்லார் முன்னாலும். மறுக்கத் தோன்றவில்லை. அழுகை வரவில்லை. வேளாவேளைக்குப் பசித்தது, வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். அவள் சொன்னது நிஜமாக இருந்துவிடுமோ என்ற பயம் மட்டும் பல்லில் சிக்கிய நார் போல உறுத்திக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்து அந்தச் செல்களைச் சோதித்துப் படம் எடுத்தேன். எங்கள் சீனியருக்குத் துப்பறிவாளர் என்று பெயர். எதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். ஒன்றும் செய்யாத தட்டுக்கு நேரே கன்னங்கரேலென்று ஒரு கோடு.

"இதுக்கும் சீரம் ஊத்திட்டியா?"

"இல்லண்ணே. ஒண்ணுமே பண்ணல."

"ஒண்ணும் பண்ணாம இப்படி வராது. தட்டு மாறிடுச்சா?"

"மாறல. நான்தான் பேர் எழுதினேன்."

"அப்ப குலுக்கியிருக்க. இந்தச் செல்லுங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி, தட்டு ஆடினாலே போதும், சீரம் ஊத்தின மாதிரி முழிச்சுக்கும். நடக்குறப்ப எங்கயாவது இடிச்சியா?"

"நடக்கவே இல்லண்ணே. நின்னுக்கிட்டுதான் இருந்தேன். ஒரு போன் வந்துச்சு."

அடுத்த கேள்விக்கு வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். என்ன போன் என்று அவருக்குத் தெரியும்.

"தூக்கிப் போட்டுடும்மா. மறுபடி பண்ணிக்கலாம்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. கை ஆடியதாக நினைவே இல்லை. படத்தைத் தூக்கிப் போடாமல் வராந்தாவுக்கு எடுத்துவந்து அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நீ சொன்னப்ப என் கை நடுங்கியிருக்கு."

"யாருடி சொன்னது?"

"தட்டுக்கா."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. படத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அசையாமல்தான் இருந்தது. அன்றைக்கும் அப்படித்தான் இருந்ததாக நினைத்திருந்தேன்.