காலடி மண்

பழைய இரும்புக் கடையில் அந்தக் குட்டித் தோட்ட ட்ராக்டரை முதலில் கண்டவன் தாரகன்தான். “உது வெறும் கறள்” என்று உதட்டைப் பிதுக்கினான். கூடப் போன சுஜந்தன் அதை வாங்கிவந்து, அமீரகத்து ராஸ் அல் கைமாவில் தன் வீட்டு முற்றத்தில் போட்டு, லீவு நாளெல்லாம் துருவைச் சுரண்டி, கழற்றிப் பூட்டினான். இன்று அது சிவப்புப் பெயின்ட் மினுங்க, ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

தாரகனுக்கு வயிறு எரிந்தது. கராஜில் ஊரார் வண்டியெல்லாம் திருத்துகிறவன் அவன். ஆபீஸில் கணக்குப் பார்க்கிற சுஜந்தனுக்கா இந்தப் பவிசு? பெயின்டில் ஒரு திட்டாவது இருக்காதா என்று குனிந்து குனிந்து தேடினான். இல்லை. “பரவாயில்லை” என்று மட்டும் சொன்னான்.

சுஜந்தனின் மனைவி கஜாலினி உப்பும் செத்தல் மிளகாயும் கொண்டுவந்தாள்.

“நாவூறு கழிக்கோணும். அண்ணை, காலை ஒருக்கா எடுங்கோ.”

தாரகன் நின்ற இடத்து மணலில் ஒரு சிட்டிகை அள்ளினாள். அன்றைக்கு வந்திருந்த விருந்தாளி அவன் ஒருவன்தான்.

எல்லாவற்றையும் ட்ராக்டரைச் சுற்றி, பார்பிக்யூ தணலில் போட்டாள். மிளகாய் கமறினால் கண் படவில்லை, கமறாவிட்டால் பட்டிருக்கிறது. மூவரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். புகை தாராளமாக எழுந்தது. நெடிதான் இல்லை.

கஜாலினி மெல்லத் திரும்பித் தாரகனைப் பார்த்தாள்.

தாரகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினான். கண்ணில் நீர் வரும்வரை இருமினான். பக்கத்தில் நின்ற இருவருக்கும் ஒரு செருமல்கூட வரவில்லை.