மாப்பிள்ளையின் இரண்டு வார்கள்

எங்கள் பண்ணையின் பொலிகுதிரையை எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். வேலை வாரத்தில் இரண்டு நாள், அதுவும் கால் மணி நேரம். மற்றபடி தீனி, குளியல், உபசாரம். "கல்யாணம் ஆன எவனோதான் வயித்தெரிச்சல்ல இந்தப் பேரை வெச்சிருக்கான் மாமா," என்பான் மச்சான். என் மனைவியின் தம்பி. விந்து எடுக்கும் குழாயில் வெந்நீர் நிரப்பித் தயார் செய்வது அவன் வேலை. குதிரையைப் பிடிப்பது, பதினோரு வருஷமாக, என் வேலை.

மாப்பிள்ளையின் தலைக்கு இரண்டு வார்கள் உண்டு. நடக்கவும் லாடம் அடிக்கவும் பருத்தி வார். விந்து எடுக்கும் நாளில் மட்டும், மூக்கின்மேல் சங்கிலி ஓடும் தோல் வார். குதிரைக்கு நாள் கிழமை தெரியாது. எந்த வார் தலையில் ஏறுகிறதோ அதுதான் அதற்குச் செய்தி. பருத்தி என்றால் பெட்டைக்குதிரை உரசிக்கொண்டு போனாலும் சாதுவாக நடக்கும். தோல் என்றால் கழுத்தை வளைத்துக்கொண்டு, கொட்டகையில் இருக்கும் பஞ்சு அடைத்த பொம்மைக் குதிரையிடம் போகும். ஏறும். கால்நடை டாக்டரம்மா குழாயைப் பிடிப்பார். முடிந்தது. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. அப்படிப் பழக்கியவன் நான்.

அன்று முதலாளியின் சம்பந்தி வீட்டார் குதிரை பார்க்க வந்திருந்தார்கள். பருத்தி வாரை அப்போதுதான் துவைத்துப் போட்டிருந்தேன். சொட்டச் சொட்ட ஈரம். முற்றத்தில் ஒரு சுற்றுக் காட்டத்தானே என்று தோல் வாரை மாட்டினேன்.

முற்றத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை கனைத்தது. உடம்பு வேலைக்குத் தயாராகிவிட்டது, எல்லோரும் பார்க்க. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"என்னப்பா, உன் கையில நிக்காதா அது?" என்றார் முதலாளி.

எனக்குக் காது வரை சுட்டது. சங்கிலியை வெட்டி இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். கயிற்று நுனியால் வயிற்றிலும் தொடையிலும் அடித்தேன். அது எதிர்க்கவில்லை. தலையைத் தாழ்த்தி நின்றது. முதலாளிக்குத் திருப்தி. மறுநாளே மறந்துவிட்டார்.

அடுத்த முறை தோல் வாரைக் கண்டதும் அதன் தோள் நடுங்கியது. பொம்மையின் பக்கத்தில் போய் நின்றது. ஏறவில்லை.

"போன தடவ தண்ணி சூடு அதிகமா இருந்துச்சா?" என்று மச்சானிடம் கேட்டார் டாக்டரம்மா. "ஒரு தடவ சுட்டாப் போதும், அப்புறம் கிட்டயே வராது."

"நாப்பத்தஞ்சுதான் டாக்டர். ரெண்டு தடவ பாத்தேன்."

நான் வாரின் கொக்கியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

மூன்று வாரம் அப்படியே போனது. டாக்டரம்மா பொம்மையின் உயரத்தைக் குறைத்தார். தரையில் ரப்பர் விரிக்கச் சொன்னார். பின்னங்காலில் வலி இருக்குமோ என்று எக்ஸ்ரே எடுத்தார், மூட்டுக்குள் ஊசி போட்டார். ஊசி இறங்கும்போதெல்லாம் தலையைப் பிடித்திருந்தவன் நான். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வாய் வரை வரும். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று அடங்கும். வீட்டில் மச்சான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் மனைவியிடம் கேட்பான், "தெர்மாமீட்டர் பொய் சொல்லுமா அக்கா?" நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

நாலாவது வாரம் முதலாளி வந்தார். "வேலைக்காகாத மாப்பிள்ளைக்குத் தீனி எதுக்கு? திங்கக்கிழமை காயடிச்சுடுங்க. வண்டி இழுக்கவாச்சும் யாராவது வாங்குவாங்க."

டாக்டரம்மா கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார். மச்சான் அவருடைய பெட்டியை உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். அங்கேயே நின்று, ஈர வாரிலிருந்து கயிற்று நுனி வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டரம்மா கார்க் கதவைச் சாத்தினார். பிறகு, "மூணு வாரமா நல்ல மூட்டுல ஊசி குத்தியிருக்கேன். நீங்க தலையப் பிடிச்சிட்டு நின்னீங்க," என்றார்.

"ஆமா டாக்டர்."

"புதுசா வேற மாதிரி வார் வாங்குவோம். சங்கிலி வேண்டாம். உங்க மச்சான் பிடிக்கட்டும்."

"நான்?"

"நீங்க உள்ள இருக்கக் கூடாது. அது கண்ணுல படுற இடத்துலயே இருக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை தீவனக் கிடங்குக்குப் பின்னால் நின்றேன். குளம்புகள் கொட்டகைக்குள் போகும் சத்தம் கேட்டது. அதன்பின் ஒன்றுமில்லை. சுவரில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அடக்கமாக ஒரு கனைப்பு. பொம்மையின் கட்டைக் கால்கள் கிரீச்சிட்டன. "அவசரம் இல்லடா ராஜா," என்றது டாக்டரம்மாவின் குரல்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் வெளியே வந்து கையைக் கழுவினான். "ஏறிடுச்சு," என்றான். மாமா என்று சேர்க்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பெட்டைக் கொட்டகை. மாப்பிள்ளையை எப்போது மேய விடுகிறான் என்று மட்டும் அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அந்த நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருக்க.