அண்ணனுக்கு மட்டும் கட்டாத பட்டை

பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளர் கைலாசத்தின் இரத்த அழுத்தம் 2023 ஆவணியிலிருந்து 124/78 என்ற இடத்தைவிட்டு ஒரு புள்ளிகூட நகரவில்லை. அதே ஆவணியிலிருந்து அவர் வீட்டுக் குக்கர் அடுப்பில் ஏற்றாமலே விசில் அடித்து வருகிறது. அவர் மனைவி சங்கரி முதல் நாள் பயந்துபோய்த் தெருவுக்கு ஓடினாள், இரண்டாம் நாள் மூடியைத் திறந்து பார்த்தாள், மூன்றாம் நாள் அரிசியும் தண்ணீரும் போட்டுத் தரையிலேயே வைத்தாள். மூன்று விசிலில் சோறு பதமாக வெந்திருந்தது. மாதம் ஒன்று தீர்ந்த கேஸ் சிலிண்டர் பொங்கல்வரை வந்தது. செய்தி பரவியதும் தெருப் பெண்கள் ஆளுக்கொரு குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தப் பருப்பு யாருடையது என்று சண்டைகூட நடந்தது. ஆனால் அந்த வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தால் டயர் வெடித்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் கூரையைத் தொட்டது, தறியில் பாவு இழைகள் தொட ஆளில்லாமலே பத்துப் பத்தாக அறுந்தன. நாளுக்கு ஒரு முழம் நெய்துகொண்டிருந்த கைலாசம் பாதி நாள் அறுந்த இழைகளுக்கு முடிச்சுப் போடுவதிலேயே உட்கார்ந்திருந்தார். அடுப்பில்லாமல் வெந்த சோற்றுக்கு இது கூலி என்று சங்கரி மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஆவணியில் நடந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கைலாசத்தின் தங்கை அகிலா, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், நலவாழ்வு மையத்தில் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். அப்பா செத்தபோது அவளுக்கு ஐந்து வயது, கைலாசத்துக்கு இருபது. அவளைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர், அவள் பிளஸ் டூ தாண்டும்வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்கவே விடாதவர். அவருக்கு அவள் பெயர் பாப்பா. பாப்பாவுக்கு இப்போது முப்பத்தெட்டு. தோளில் பை, பைக்குள் பிரஷர் மெஷின், கையில் பதிவு போடும் டேப் கணினி. டேப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பொட்டு. அழுத்தம் அடங்கியிருந்தால் பச்சை, அடங்காவிட்டால் சிவப்பு. எத்தனை பச்சை என்பதைச் சென்னையில் உட்கார்ந்து எண்ணினார்கள், அந்த எண்ணிக்கையை வைத்து எந்த மையத்தில் வைத்தியம் நன்றாக நடக்கிறது என்று வரிசை போட்டார்கள். ஆடி மாதம் அண்ணன் கையில் அகிலா முதல் முறையாகப் பட்டையைக் கட்டியபோது 184/110 வந்தது. அவள் அழுதுவிட்டாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். ஆவணியில் மறுபடி வந்தாள், அண்ணி போட்ட சோற்றைச் சாப்பிட்டாள், காலை நீட்டிக்கொண்டு டேப்பை எடுத்தாள். பை சுவரோரமாகக் கிடந்தது, மெஷின் பைக்குள் கிடந்தது. 124/78 என்று எழுதினாள். பச்சை விழுந்தது. 120/80 என்று ஏன் எழுதவில்லை என்றால், அப்படி முழுசாக எழுதுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்று பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலத்திலிருந்து கைலாசத்தின் உடம்பில் எந்த மெஷினைக் கட்டினாலும் 124/78. பிடரி இடித்தது, கண் சிவந்தது, தறிக்குழியிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. மையத்து மெஷின், பெரிய ஆஸ்பத்திரி மெஷின், ஒரு கிழட்டு டாக்டர் வைத்திருந்த பாதரசக் கருவி, எல்லாம் ஒரே பேச்சாகப் பேசின. சங்கரி வெளியே மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அழுத்தம் உடம்பிலேயே இல்லாமல் வீட்டுச் சாமான்களில் இருந்ததால் மாத்திரைக்கு உள்ளே வேலை கிடைக்கவில்லை. மையத்து டாக்டர் அபிநயா கெட்டவள் அல்ல. வாசலில் நாற்பது பேர் நின்றார்கள், திரையில் ஆறு மாதப் பச்சை நின்றது. தையில் மாத்திரையைப் பாதியாக்கினாள், சித்திரையில் நிறுத்தினாள். "சிஸ்டத்துல ரொம்ப நல்லா வந்திருக்குதுங்கய்யா, சும்மா பயப்படாதீங்க" என்று அன்பாகத்தான் அனுப்பி வைத்தாள். கைலாசமும் அதை நம்பினார். பாப்பா அளக்காமலா எழுதியிருப்பாள்? ஆடிக்குப் பிறகு அவள் தன் கையில் பட்டை கட்டியதாக அவருக்கு ஞாபகம் வரவில்லை, ஆனால் ஞாபகத்தைத்தான் சந்தேகப்பட்டார், தங்கையை அல்ல.

உண்மையை உடைத்தவர் எதிர்வீட்டு வீரபத்திரன். அவரும் நெசவாளர், அவரும் டேப்பில் ஒரு பெயர். ஐப்பசி மழையில் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "உன் தங்கச்சி மாதிரி பொறுமைசாலிய நான் பாத்ததில்லபா. அஞ்சு நிமிசம் உக்கார வெச்சி, ரெண்டு தபா கட்டிப் பாத்துட்டு தான் எழுதுது. எங்கம்மா கை மெலிசுனு சின்ன பட்டை தேடி எடுத்தாந்துதுனா பாத்துக்கயேன்." கைலாசம் இரண்டு நாள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருத் தெருவாகப் போய் விசாரித்தார். வெயிலில் நடந்து, மாடி ஏறி, இருநூற்றுப் பதினோரு பேருக்கும் அகிலா ஒழுங்காக அளந்திருந்தாள். அளக்காத வீடு ஒன்றே ஒன்று. ஊரே ஏமாந்திருந்தால் அவர் சிரித்துக்கொண்டே போயிருப்பார். அவர் ஒருவர் மட்டும் ஏமாந்திருந்தார். அந்த வேதனைக்குத் தைலம் கிடையாது. குக்கர் ஏன் கத்துகிறது என்பதையும் வீரபத்திரன்தான் கணக்காகச் சொன்னார்: "தறி மேல தொங்குற டிசைன் அட்டையில ஓட்டை தப்பா வுழுந்தா, பொடவைக்குப் பொடவை அந்தத் தப்பு தான் வரும். நீ தறியில இழைய முடிஞ்சிக்கினே இருந்தா இன்னா பிரயோசனம்? உன் அட்டை அந்த டேப்பு தான், அத திருத்தச் சொல்லு."

அடுத்த முறை அகிலா வந்து, சாப்பிட்டுக் கை கழுவியதும் கைலாசம் கேட்டார்.

"பாப்பா, ஊருக்கெல்லாம் கட்டிப் பாத்துக்கினு இருக்கியே, எனுக்கு மட்டும் ஏம்மா கட்டல?"

"உன்னைப் போயி அளப்பாங்களாண்ணா? மொகத்த பாத்தாலே தெரியுது" என்றாள். அவர் பார்வையை எடுக்கவில்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டாள். "மொத தபா நூத்தி எம்பத்தி நாலு வந்தப்பவே பயந்துட்டேன். மறுபடி அப்படி வந்துட்டா இன்னா பண்றதுனு கட்ட கை வரல. அப்புறம் பச்சையா வந்துக்கினே இருந்துது, கெடுக்க மனசு வரல."

சென்னையிலிருந்து தரச் சான்றிதழுக்கு ஆய்வு வரப்போகிறது, வரிசையில் அவர்கள் மையம் இரண்டாவது, இந்த நேரத்தில் பொய் என்று ஒரு பதிவு வெளிப்பட்டால் தன் வேலை போய்விடும் என்றாள். ஆனாலும் திருத்திவிடுகிறேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். மார்கழியில் வந்து, "திருத்திட்டேண்ணா" என்றாள். அவள் சொல்லி முடிக்கும்போதே உள்ளே குக்கர் விசில் அடித்தது. சங்கரி புருஷனைப் பார்த்தாள். "ஒடனே நிக்குமா? ஏறுனது எறங்கணும் இல்ல" என்றார் கைலாசம். நம்ப வேண்டும் என்று முடிவு கட்டியவனுக்குக் காரணம் கிடைப்பது கஷ்டமே இல்லை.

மாசியில் ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். பதிவுகளைப் புரட்டியதில் ஒரு பெயர் தனியாக மின்னியது: ஒரு மாதம்கூட விடாத பதிவு, மாத்திரை தொடங்கியபின் ஒருமுறைகூட ஏறாத அழுத்தம். கல்யாண மண்டபத்தில் விழா வைத்தார்கள், பலூன் வளைவு கட்டினார்கள், கைலாசத்தை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைமை அதிகாரி மணிவண்ணன் மைக்கில் பதினெட்டு மாதத்தையும் மாதம் மாதமாக வாசித்தார். ஆவணி 124/78. புரட்டாசி 124/78. ஒன்றுகூடத் திருத்தப்படவில்லை என்பது கைலாசத்துக்கு அங்கேதான், ஐந்நூறு பேர் கைதட்டலுக்கு நடுவில் தெரிந்தது. மேடையிலேயே பட்டையைக் கட்டினார்கள். 124/78. கைதட்டல் அடங்கியதும் மைக்கை அவரிடம் கொடுத்தார்கள்.

"இது என் பிரஷர் இல்லீங்க சார்" என்றார் கைலாசம். "இத எழுதனப்போ என்னை யாரும் அளக்கல."

மணிவண்ணன் நேர்மையான மனிதர். கேட்டதை விட்டுவிடவில்லை. மேடையோரம் நின்ற அகிலாவைக் கூப்பிட்டு, இவரை நீங்கள் அளந்தீர்களா இல்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அன்று எதுவும் ஆடவில்லை. அகிலா அண்ணனின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "மாசா மாசம் அளந்திருக்கேன் சார். அவருக்கு வயசாவுது, மறந்துடறாரு."

பலூன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெடித்தன. விழாவின் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சோடா பாட்டில்கள் வெடித்தன, வாசலில் நின்ற இரண்டு ஜீப்பின் டயர்கள் வெடித்தன. வெடிக்க வேறொன்றும் மிச்சமில்லாமல் போனபோது, போக இடமில்லாத அழுத்தம் சொந்தக்காரனிடமே திரும்பி வந்தது. கைலாசம் வலது பக்கமாகச் சாய்ந்தார். ஆம்புலன்ஸில் கட்டிய மெஷினும் 124/78 என்றது. ஸ்கேன் எடுக்கும் எந்திரத்துக்கு டேப்பில் எழுதியது தெரியாது. அது மூளையில் கசிந்திருந்த ரத்தத்தை அப்படியே காட்டியது.

மையத்துக்குச் சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். அகிலாவை ஐந்து மையங்களுக்கு மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். ஆஸ்பத்திரியில் அண்ணன் காலடியில் பதினோரு நாள் பட்டினி கிடந்தவளும் அவள்தான், அதையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நாள் போய் டேப்பில் திருத்தப் பார்த்தாள்; பழைய பதிவுகள் பூட்டப்பட்டிருந்தன. நான் பொய் எழுதினேன், என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள் என்று சென்னைக்கு மனுப் போட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: மனுதாரர் குறிப்பிடும் அளவு, பின்னர் பல இடங்களில் எடுக்கப்பட்ட எல்லா அளவுகளோடும் பொருந்துவதால், திருத்த வேண்டிய அவசியம் எழவில்லை.

கைலாசம் வீடு திரும்பிய மறுநாளே குக்கர் பழையபடி கத்த ஆரம்பித்தது. இப்போது யாரும் அதைப் பேசுவதில்லை. அந்தத் தெருவுக்குக் குடிவருகிறவர்களிடம் குழாயில் தண்ணீர் எந்த நேரம் வரும், குக்கரை எந்த வீட்டில் கொண்டுபோய் வைக்கலாம் என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். கைலாசத்துக்கு வலது கையும் காலும் வரவில்லை. தறியில் வேறு ஆள் உட்கார்கிறார், பேச்சு மட்டும் பாதி வந்திருக்கிறது.

மேற்பார்வையாளருக்கு வீடு வீடாகப் போகிற வேலை இல்லை. இருந்தும் மாதம் தவறாமல் அந்த ஒரு வீட்டுக்கு அகிலாவே வருகிறாள். வீட்டில் பனியனோடு இருக்கும் மனிதர், அவள் வருகிற அன்று சங்கரியிடம் சொல்லி முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறார். "வாங்க மேடம், உக்காருங்க" என்று குழறலாகச் சொல்லி நாற்காலியைக் கண்ணால் காட்டுகிறார். அகிலா ஐந்து நிமிடம் காத்திருந்து, இடது கைச் சட்டையை மேலே சுருட்டி, பட்டையைக் கட்டி, இரண்டு முறை அளக்கிறாள். இரண்டு முறையும் 124/78 வருகிறது. மெஷின் காட்டியதைத்தான் எழுதுகிறாள். சுருட்டிய சட்டையை இறக்கிவிட அவருக்கு இன்னொரு கை இல்லை. அகிலா கையை நீட்டுகிறாள். அவர் தோளைப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். "இருக்கட்டுங்க மேடம், எங்க வீட்ல வருவாங்க" என்கிறார். சங்கரி உள்ளே அடுத்த வீட்டுக்காரியின் பருப்பை இறக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் வரும்வரை அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு கைலாசம் காத்திருக்கிறார்.