பதினொரு மொட்டை

1946 பங்குனியில், சித்தூர் ஜில்லா இரண்டாம் டிவிஷன் கால்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டத்துக்குத் திருத்தணி அணி மொட்டைத் தலையோடு இறங்கியது. ஒருவர் இருவர் அல்ல, பதினொருவரும்.

வேண்டுதல் சடகோபனுடையது. ரைஸ் மில்லில் கணக்கு எழுதிய அவர்தான் அணியின் காரியதரிசி. பந்து, பிளாடர், ரயில் டிக்கெட் எல்லாம் அவர் பொறுப்பு. கார்த்திகையில் முதல் மூன்று ஆட்டமும் தோற்றபோது மலைமேல் நின்று சத்தமாகவே வேண்டிக்கொண்டார்: "முருகா, முதல் டிவிஷனுக்குப் போற வாய்ப்பு கடைசி ஆட்டம் வரைக்கும் நிக்கணும். பதினொரு பேருக்கும் மொட்டை போட்டுடறேன்."

அதன்பிறகு அணி தோற்கவே இல்லை. புத்தூரை ஜெயித்தால் முதல் டிவிஷன் என்ற இடத்துக்கு வந்துவிட்டது. ஆட்டம் முடிந்து மொட்டை போடலாம் என்றார் சடகோபன். கோல்கீப்பர் வீராசாமி ஒப்பவில்லை.

"நீங்க ஜெயிக்கறதையா கேட்டீங்க? வாய்ப்பைத்தானே கேட்டீங்க? அது வந்தாச்சுங்க. சாமிக்குப் பாக்கி வெச்சிகினு பந்தாட முடியுமா?"

ஆட்டத்தன்று காலையே எல்லாரும் மலையேறி வரிசையாகத் தலையைக் கொடுத்தார்கள். சந்தனமும் பூசியாயிற்று. சடகோபனின் வகிடு மட்டும் கலையவில்லை. "நேர்ந்துகினவர் தலை தப்பிச்சிகிச்சி பாரு" என்றான் வீராசாமி.

அணியின் சென்டர் பார்வர்டு தங்கவேல், பொதட்டூர்பேட்டை நெசவாளி. அன்று காலைவரை தோள்வரை சுருள் முடி. பந்தோடு ஓடும்போது அது பறப்பதைப் பார்க்கவே கூட்டம் வரும். அந்த ஆண்டு கோல்களில் பாதிக்குமேல் அவனுடையவை. பக்கத்தில் ஆடியவன் கே.ஜி.கண்டிகை கோதண்டம், கழனி வேலைக்காரன். நாள் முழுக்க ஓடுவான், கோல்தான் விழாது. ஒருமுறை ஆளில்லாத கோலைப் பார்த்து அவன் அடித்த பந்து, தூரத்தில் மேய்ந்த எருமைமேல் போய் விழுந்தது. "எருமையைப் பாத்து அடிடா, கோல்ல விழும்" என்று ஊரே அவனுக்கு யோசனை சொன்னது.

மைதானத்தில் இறங்குமுன் சடகோபன் அவனைத் தனியே கூப்பிட்டார்.

"மேல போனா கோல் போடற ஆள் வேணும், கோதண்டம். இன்னைக்கு ஒண்ணு போடு, இடம் உனக்குத்தான். இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"ஆங்" என்றான் கோதண்டம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் இல்லாவிட்டால் ரயிலும் இல்லை, வேற்றூரும் இல்லை. வாரம் முழுக்கக் கழனிதான்.

வற்றிய ஏரிதான் மைதானம். திருத்தணிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே சாயம்போன நீலச் சட்டை. முதல் பந்து கோதண்டத்திடம் வந்தது. இரண்டு பேரைத் தாண்டினான். கரையிலிருந்து கூட்டம் கத்தியது: "தங்கவேலு! விடாதே தங்கவேலு!"

சொந்த ஊருக்கே அடையாளம் தெரியவில்லை.

புத்தூர் அணியில் தடுத்தாடும் பேக் பங்காரு அதைக் கேட்டுக்கொண்டான். மலைபோல ஆள். போன தடவை காய்ச்சலில் படுத்துவிட்டதால் தங்கவேலைப் பார்த்ததில்லை. சுருள் முடிக்காரனை விடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொன்னவர்களுக்கும் முடிதான் நினைவிருந்தது, முகம் இல்லை.

"ஏம்பா, தங்கவேல்ன்றது நீதானா?"

இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். கோலுக்கு வழி கிடைக்கும். கோதண்டம் திரும்பிப் பார்த்தான். தங்கவேல் பக்கத்தில் ஒருவனும் இல்லை.

"ஆங், நான்தான். என்னா இப்போ?"

பங்காரு கைதட்டி இன்னொரு பேக்கையும் கூப்பிட்டுக்கொண்டான். அப்புறம் கோதண்டம் எங்கே போனாலும் இரண்டு பேரும் கூடவே வந்தார்கள். அவன் மூலைக்குப் போனான், அவர்களும் மூலைக்குப் போனார்கள்.

"ஏண்டா அங்க போறே? கோலைப் பாருடா!" சடகோபன் தொண்டை கிழியக் கத்தினார். கோதண்டம் காதில் வாங்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு கோலுக்கு முன்னால் ஒரு பந்து எழும்பி வந்தது. கோதண்டம் தாவப் போனான். இரு பக்கமும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பந்து அவனைத் தாண்டி, தனியே நின்ற தங்கவேலின் காலடியில் விழுந்தது. அவன் அவசரமே படாமல் உள்ளே தட்டிவிட்டான்.

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. திருத்தணி முதல் டிவிஷன். கூட்டம் ஏரிக்குள் இறங்கிவிட்டது. பங்காரு கோதண்டத்தின் தோளில் கைபோட்டான்.

"தங்கவேல் பாவா, உன்னைக் கோல் போட உட்டனா?"

"உடலியே."

"போட்டானே, அந்த மொட்டை யாரு?"

கோதண்டத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் கோதண்டம்" என்றான்.

சித்தூரிலிருந்து வந்த ரெபரி பாலசுப்பிரமணியனும் மொட்டைகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோல் போட்டது யாரப்பா?"

"கோதண்டம் சார்! நான் கேட்டுகினேன்" என்று முந்திக்கொண்டான் பங்காரு.

"யாரு?" என்று சடகோபன் திரும்பினார்.

தங்கவேல் சொம்புத் தண்ணீரை விழுங்கிவிட்டு, தயங்காமல் கையைத் தூக்கினான். "ஆங், நான்தான் சார் கோதண்டம்."

"கோதண்டமேதான் சார்" என்றான் வீராசாமி. மற்ற மொட்டைகளும் ஆடின. ரெபரி தங்கவேலின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல கோல், கோதண்டம்" என்றார்.

சடகோபன், பங்காருவின் கைக்குள் நின்ற நிஜக் கோதண்டத்தைப் பார்த்தார். அவன் ஏன் மூலை மூலையாகத் திரிந்தான் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவனைத் தனியே இழுத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு தடியனையும் நீதான் கட்டி இழுத்துகினு திரிஞ்சியா?"

"கோல் போட்டா இடம்னு சொன்னீங்க. ரெபரியே பேரைச் சொல்லிட்டாருங்க."

சடகோபன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"செவ்வாக்கிழமை சாயங்காலம் பிராக்டீஸ். நேரத்தோட வந்து சேரு" என்றார்.