இரண்டு டிரக்டருக்கு ஒரு கொன்ட்ரோலர்

அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணம் தயாளினியின் முகத்தில் அடித்தது. கூறைச் சேலைக்கும் காணி உறுதிக்கும் நடுவில் துணி சுற்றி வைத்திருந்த கொன்ட்ரோலரை எடுத்தாள். கம்பிகளைப் பூட்டும் பிளாஸ்டிக் வாய் இளகிப்போய், விரலில் பசைபோல ஒட்டியது.

மின்சார டிரக்டருக்கு மூளை அந்தப் பெட்டிதான். அந்த வகை டிரக்டர் செய்வதைக் கம்பனி நிறுத்திவிட்டபோது, சம்பூரிலும் மூதூரிலும் அதை வைத்திருந்த பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நின்றுபோன டிரக்டரை யாரும் பழைய இரும்புக்கு விற்பதில்லை. கழற்றி, பாகங்களை ஆளுக்கொரு வீட்டில் காப்பது. உதிரியாக மிஞ்சியிருந்த ஒரே கொன்ட்ரோலர் தயாளினியின் பொறுப்பில் வந்தது. வீட்டின் அருமையான பொருளெல்லாம் இருக்கும் இடத்திலேயே அவள் அதையும் வைத்தாள்.

இன்று காலை அவளுடைய டிரக்டரிலிருந்த கொன்ட்ரோலர் எரிந்துவிட்டது. முதல் மழை நேற்றுத்தான் பெய்திருந்தது. கச்சான் கடலை போடும் மணல் தரை. இன்றே உழாவிட்டால் ஈரம் போய்விடும், விதை சாக்கிலேயே கிடக்கும்.

உருகிய பெட்டியோடு சம்பூரிலிருந்து ஸ்கூட்டியில் மூதூருக்குப் போனாள். இந்த டிரக்டர்களைத் திருத்தத் தெரிந்த ஜுமானா தன் வயலைப் பாதி உழுதிருந்தாள். இறங்கி வந்து பெட்டியை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள்.

"என்ன அக்கா, இதுக்கும் பூச்சி உருண்டையா?"

"சேலைக்குத்தான் போட்டனான். இதுவும் பக்கத்தில இருந்திட்டுது."

"நல்ல வேளை, மஞ்சள் பூசிக் குளிப்பாட்டல்ல."

தயாளினிக்குச் சிரிப்பு வரவில்லை. "திருத்த ஏலாதா?"

"ஏலாது. பூச்சி உருண்டை பிளாஸ்டிக்க உருக்கிப்போடும். உள்ளுக்கயும் வடிஞ்சிருக்கு."

ஜுமானா உழுத மண்ணில் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்தாள். பிறகு தன் டிரக்டரை நிறுத்தி, பற்றரியின் இணைப்பைக் கழற்றி, மூடியைத் திறந்தாள்.

"ஜுமானா, உங்கட வயல் பாதியில கிடக்கு!"

"எங்கட களிமண், ஈரம் நாளைக்கும் நிக்கும். உங்கட மணல் நிக்காது. பொழுதுபட முதல் கொண்டு வாங்க."

வரப்பிலிருந்த அவள் கணவன் பாயிஸ் வாயைப் பிளந்தான். "என்னையே கேட்டாலும் குடுத்திருப்பா. இதக் குடுப்பா எண்டு நினைக்கவே இல்ல."

"உங்களக் கொண்டு போய் உழ ஏலுமா?" என்றாள் ஜுமானா.

கம்பி நுனிகளிலும் அவை சேரும் இடங்களிலும் கியூடெக்ஸ் நகப்பூச்சுப் பொட்டுகள் நிறம் நிறமாக இருந்தன. "தொழுற நகத்துக்குப் பூச ஏலாது, கம்பிக்காவது பூசுவம் எண்டுதான். உங்கட டிரக்டரிலயும் இதே நிறந்தான் வச்சிருக்கன். நிறத்துக்கு நிறம் பூட்டுங்க."

கையில் வாங்கியபோது பெட்டி சூடாக இருந்தது. அரை வயல் உழுத சூடு. உதிரிப்பாகம் என்றால் அலுமாரியில் சும்மா கிடப்பது என்றே தயாளினி எண்ணியிருந்தாள். மிஞ்சியதைத் தருபவர்களை அவள் நிறையக் கண்டிருக்கிறாள். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தி, அதன் உள்ளிருந்து எடுத்துத் தரும் கையைக் கண்டதில்லை. நன்றி என்ற சொல் அந்த இடத்துக்கு மிகச் சிறியதாக இருந்தது. பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

கட்டைபறிச்சான் பாலத்தில் கடற்காற்று எதிர்த்து வீசியது. காலடியில் சாக்குக்குள் இருந்த பெட்டி ஆறிவிடுமோ என்று காரணமே இல்லாமல் பயந்தாள். ஒரு கையால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது.

வீட்டில் சிவப்பைச் சிவப்போடும் ஊதாவை ஊதாவோடும் சேர்த்தாள். சாவியைத் திருப்பினாள். பச்சை வெளிச்சம் வந்தது. போனில் ஜுமானாவை அழைத்தாள்.

"பூட்டிட்டன்."

"ஓட்டுங்க, கேப்பம்."

போனை மடியில் வைத்து ஓட்டினாள். மின்சார டிரக்டர் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. பின்னால் ஈரமண் கருமையாகப் புரண்டு கிடந்தது. அவள் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்டும் கேக்கல்லையே அக்கா?"

"ஓம்," என்றாள் தயாளினி. "ஓடுது."

"அப்ப என்ன கதை? உழுங்க."